மூன்று கால் ஈரம்

இது நடந்தது. சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம், எனக்கு வருத்தமில்லை.

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, வெள்ளைப் புடவை என்று எதிர்பார்ப்பீர்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். வியாழக்கிழமை மதியம் 3.40 மணி. வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. வந்தது மனுஷப் பேயும் இல்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் நல்லவள் இல்லை.

நான் படம் வரைபவள். கால்நடை மருத்துவப் புத்தகங்களுக்கு மாடு, ஆடு, குதிரை வரைந்து கொடுப்பேன். பதினோரு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. ஒரு காளையின் தலை நீளத்தை வைத்து அதன் உடம்பு எவ்வளவு, கால் எவ்வளவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நான் வரைந்த முழங்கால் மூட்டைப் பார்த்து மருத்துவம் படித்த டாக்டர்கள் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்து மாட்டு ஆஸ்பத்திரியில் சுவர் முழுக்க என் படங்கள்தான். மாடுகளின் நிறங்கள் என்று ஒரு பெரிய அட்டை இருக்கும். செவலை, காரி, மயிலை என்று கீழே பெயர் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாடு. அதுவும் என் கைதான்.

என் கொழுந்தன் பெண்டாட்டி, அதாவது என் ஓரகத்தி, அவளும் படம் போடுவாள். வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். எங்கும் போய்ப் படித்தவள் இல்லை. நாயைச் சிவப்பாகப் போடுவாள். அதன் நிழலைப் பச்சையாகப் போடுவாள். நாலு இழுப்பில் ஒரு கழுதை. அதற்கு முழங்கால் கிடையாது, குளம்பு கிடையாது. ஆனால் பார்க்கிறவர்கள் அதன் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். என் படத்தின் முன்னால் நின்று யாரும் கண்ணைத் துடைத்ததில்லை. குறிப்பு எடுப்பார்கள்.

மாடி அறையை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். வடக்கு ஜன்னல் பக்கம் அவள். கதவுப் பக்கம் நான். அவள் வேலை செய்யும்போது பாட்டு முனகுவாள். அந்த முனகல் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். பொறாமைதான், வேறென்ன. அதற்கு அழகான பெயர் வைக்க எனக்கு இஷ்டமில்லை.

ஒரு நாள் பண்ணைக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அறுபது வயசு இருக்கும். மாட்டு ஆஸ்பத்திரிக்குத் தன் செலவில் புதுக் கட்டடம் கட்டிக் கொடுக்கிறவர் அவர்தான். அதன் முன் ஹாலில் பெரிய சுவர் ஒன்று இருக்கிறது என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன். அந்தச் சுவர் எனக்குத்தான் என்று மனசுக்குள் ஆணி அடித்து வைத்திருந்தேன்.

"எங்கிட்ட இருந்த காளைம்மா. இப்ப இல்லை. ஒன்பது வருஷம் ஆச்சு. அதைத்தான் அந்தச் சுவர்ல வைக்கணும்."

"போட்டோ இருக்கா?"

"இல்லை. கேமராவைப் பார்த்தா முட்ட வரும்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் பார்வை என்னைத் தாண்டி ஜன்னல் பக்கம் போயிருந்தது. சின்னவளின் கழுதை அங்கே சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. எழுந்து போய் அதன் முன்னால் நின்றார். எனக்குத் தெரியும், அடுத்து என்ன நடக்கும் என்று. கைக்குட்டையை எடுத்தார்.

"இதை யாரு போட்டது?"

"நான்தாங்க" என்றாள் சின்னவள்.

"அப்ப நீங்களே போடுங்கம்மா."

அவ்வளவுதான். பதினோரு வருஷம். என் முகத்தில் ஈயாடவில்லை.

சின்னவள் அவரிடம் கொம்பு எப்படி, திமில் எப்படி என்றெல்லாம் கேட்கவில்லை. "அது பக்கத்துல வந்து நின்னா உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "பயமா இருக்கும்" என்றார். பிறகு, "மயிலைக் காளைம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சின்னவள் பிறந்து வளர்ந்தது எல்லாம் அடுக்குமாடி வீட்டில். மாட்டைத் தெருவில் பார்த்ததோடு சரி. தூரிகையைக் கடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, மயிலைன்னா மயில் நிறம்தானே?"

மயிலை என்றால் சாம்பல் கலந்த வெள்ளை. மாடு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். எனக்கு நன்றாகவே தெரியும், அட்டையில் வரைந்தவளே நான்தானே.

"ஆமா. வேற என்ன?" என்றேன்.

நீலமும் பச்சையுமாக ஒரு காளையைப் பார்த்ததும் அந்தப் பெரிய மனுஷன் என்ன ஆட்டம் ஆடுவார் என்று நினைத்துப் பார்த்தேன். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். அப்படி ஒரு தூக்கம் வந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

ஐந்து நாளில் படத்தை முடித்துவிட்டாள். புதன்கிழமை சாயங்காலம் துணியை விலக்கிக் காட்டினாள்.

பின்னணி முழுக்கச் செங்கல் சிவப்பு. நடுவில் அது. நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத நிறம், ஒரு பக்கம் பார்த்தால் நீலம், தலையைச் சாய்த்தால் பச்சை. முதுகு ஒரே கோடு, திமிலில் ஏறி வாலில் விழுந்தது. கழுத்து அநியாயத்துக்குப் பெரிசு. கால்கள் குச்சி குச்சியாக, அந்த உடம்பைத் தாங்கவே தாங்காது. கண் என்பது மஞ்சளில் ஒரு கீறல், அவ்வளவுதான். அளவுகோலை வைத்தால் ஒன்றுகூடச் சரியில்லை. ஆனாலும் அது மூச்சு விட்டது. அந்தக் காளைக்கு ஏதோ வலி என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. எங்கே வலி என்றுதான் தெரியவில்லை.

அப்படி ஒன்றை என்னால் ஏழு ஜென்மத்துக்கும் போட முடியாது. குழி தோண்டியவள் நான், அவள் அதில் விழாமல் அதிலேயே கிணறு கண்டுபிடித்துவிட்டாள். பண்ணைக்காரர் இதைப் பார்த்தால் நிறத்தைப் பற்றிக் கேட்கவே மாட்டார் என்று தோன்றியது.

"எப்படிக்கா இருக்கு?"

"ம். பரவாயில்லை."

மறுநாள் வியாழன். சின்னவளுக்குக் கடைவாய்ப் பல் வலி. பிடுங்கிவிட்டு வரலாம் என்று கொழுந்தன் கூட்டிப் போனார். மணி 2.55. என் வீட்டுக்காரர் ஆபீசில். வீட்டில் நான் மட்டும். தெருக்கதவைத் தாழ் போட்டேன்.

3.10க்கு மாடி ஏறினேன். மொத்தம் பதினேழு படி.

நான் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு நானே வேறு மாதிரி சொல்லிக்கொண்டேன். பாவம், தப்பாகப் போட்டுவிட்டாள், திருத்திக் கொடுப்போம் என்று. சின்னவளின் பெட்டியில் கறுப்பு கிடையாது. கறுப்பு ட்யூப்பை அவள் கையால் தொட மாட்டாள், "அது நிறத்தைக் கொன்னுடும்க்கா" என்பாள். அதனால் என் பெட்டியிலிருந்து கறுப்பை எடுத்து, அவள் வெள்ளையில் கலந்தேன். நல்ல மயிலை நிறம் வந்தது. அட்டையில் உள்ள அதே நிறம்.

3.25க்கு வலது பின்னங்காலில் ஆரம்பித்தேன்.

முதல் விபரீதம் அங்கேதான். நீலம் இன்னும் ஈரம். எண்ணெய் வர்ணம் ஐந்து நாளில் காயாது. ஈரத்தின் மேல் ஈரத்தை வைத்தால் இரண்டும் குழம்பிச் சேறாகத்தான் வரும். வரவில்லை. என் சாம்பல் நிறம் சுத்தமாக, பளிச்சென்று உட்கார்ந்தது. கீழே ஒன்றுமே இல்லாத மாதிரி.

சரி, நல்லதாகப் போயிற்று என்று தொடர்ந்தேன்.

குளம்பிலிருந்து தொடை வரைக்கும் வந்தேன். அங்கிருந்து வயிற்றுக்குப் போக வேண்டும். தூரிகை போகவில்லை. கை மரத்துப்போகவில்லை, நடுங்கவும் இல்லை. வயிற்றுப் பக்கம் கொண்டுபோனால் மட்டும் நின்றுவிட்டது. மறுபடி முயன்றேன். மறுபடியும் நின்றது.

அப்போதுதான் அந்த நெடி வந்தது. ஈரத் துணியும் புளித்துப்போன ஏதோ ஒன்றும் கலந்த மாதிரி. வர்ண நெடி எனக்குத் தெரியும். டர்பன்டைன் நெடி தெரியும். இது அது இல்லை.

மணி பார்த்தேன். 3.36.

கீழே சத்தம்.

சளப்...

யாரோ ஈரக் காலோடு உள்ளே வந்த மாதிரி. அவர்கள் திரும்பிவிட்டார்களா? தூக்கிவாரிப் போட்டது. தூரிகையைப் பின்னால் மறைத்தேன்.

"யாரு?"

தெருக்கதவைத் தாழ் போட்டிருந்தது ஞாபகம் வந்தது.

சளப்... சளப்... சளப்... டக்.

மூன்று ஈரம். ஒன்று உலர்ந்தது. மறுபடி மூன்று ஈரம். மறுபடி ஒன்று உலர்ந்தது.

படியில் ஏறியது.

மனுஷன் ஏறினால் இரண்டு இரண்டாகக் கேட்கும். இது நாலு நாலாகக் கேட்டது.

சளப்... சளப்... சளப்... டக்.

கதவு எனக்குப் பின்னால். திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். திரும்பவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

படத்தில் அதன் காது முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. நேற்று பார்த்தேன், நிச்சயமாக முன்னால்தான். இப்போது பின்னால் மடிந்திருந்தது.

பதினேழாவது படி.

3.40.

சத்தம் நின்றது.

பிறகு மூச்சு... பெரிய மூச்சு. என் பின்கழுத்தில் சூடாக.

கத்த வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

சரக்...

சொரசொரப்பான ஏதோ ஒன்று... ஈரமாக... என் பிடரியில் ஏறியது.

சரக்...

நக்கியது.

சரக்...

நின்றேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பின்கழுத்தில் அந்த மூச்சு இல்லை என்று உணர்ந்தபோது கடிகாரத்தில் 3.52. திரும்பினேன். அறையில் யாரும் இல்லை. படியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தெருக்கதவின் தாழ் போட்டபடி இருந்தது. தூரிகையைக் கழுவி வைத்தேன்.

அவர்கள் 4.30க்கு வந்தார்கள். சின்னவளுக்குக் கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. பேச முடியவில்லை. மாடிக்குப் போனாள், படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். இறங்கி வந்து என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பல் வலி என்று நினைத்துக்கொண்டேன்.

குளிக்கும்போதுதான் தெரிந்தது. பிடரியில் விரல் வைத்தால் விரலில் ஒட்டவில்லை, ஆனால் கண்ணாடியைத் திருப்பிப் பிடித்தால் தெரிந்தது. கையளவு கறை. நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத நிறம். எண்ணெய் வர்ணம் டர்பன்டைனில் போய்விடும். இது போகவில்லை. சோப்பு, சீயக்காய், மண்ணெண்ணெய், எதற்கும் போகவில்லை.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பண்ணைக்காரர் வந்தார்.

படத்தைப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது.

எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை பாருங்கள். "நீங்க மயிலைன்னு சொன்னீங்க, இவதான் மயில் நிறம்னு நெனச்சுட்டா" என்றேன். அவள் பக்கம் பார்க்காமலே சொன்னேன்.

அவர் காதில் அது விழவே இல்லை.

"இந்தக் கால்..." என்றார். வலது பின்னங்காலை விரலால் காட்டினார், தொடவில்லை. "இந்தக் கால் மட்டும் நிறம் மாறலைன்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது?"

சின்னவள் கன்னத்தில் கை வைத்தபடி, வலியோடு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"அது நான் போட்டதில்லைங்க. அக்கா போட்டது. எங்கிட்ட கறுப்பே கிடையாது."

கையும் களவுமாகப் பிடிபட்டேன். வியாழக்கிழமையிலிருந்தே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பண்ணைக்காரர் என்னைப் பார்த்தார். "கீழ வாங்கம்மா, ஒரு நிமிஷம்" என்றார்.

நான் முன்னால் இறங்கினேன். அவர் பின்னால். எட்டாவது படியில் அவர் காலடிச் சத்தம் நின்றுவிட்டது.

"அம்மா... பிடரியில அது என்ன?"

முந்தானையை இழுத்து மூடினேன். அவர் கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையால் மூன்று தட்டு தட்டினார். பிறகு விரல் முட்டியால் ஒரு தட்டு.

சளப், சளப், சளப், டக்.

"இப்படியா கேட்டுது?"

நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அது என் காளைதான்மா. ஆனா எங்கிட்ட நிக்காது. நான் தீனி வைப்பேன், நான் குளிப்பாட்டுவேன். என் தம்பி வாசல்ல நின்னு ஒரு சத்தம் குடுத்தா என்னைத் தள்ளிட்டு அவன்கிட்ட ஓடும். ஊரே சிரிக்கும். எவ்வளவு நாள் பொறுத்துக்கறது? தம்பி வெளியூர் போன அன்னைக்கு, விடியக்காலையில, நான்தான் கயித்தை அவுத்து விரட்டினேன். எங்கயாவது போய்த் தொலையட்டும்னு."

"அப்புறம்?"

"பக்கத்துச் சாயப்பட்டறையில ஒரு தொட்டி. மூடி கிடையாது. அதுக்குள்ள விழுந்திருக்கு. ஒரு கால் மட்டும் விளிம்புல மாட்டிக்கிட்டுது போல, அதுல சாயம் படலை. எப்படியோ ஏறி... திரும்பி வந்துடுச்சும்மா. எங்கிட்டயே வந்துச்சு. இந்த நிறத்துல." மேலே கை காட்டினார். "தொழுவத்துல விட்டுப் பூட்டினேன். டாக்டரைக் கூப்பிட்டா விஷயம் வெளிய தெரிஞ்சுடும்னு கூப்பிடலை. அது பாட்டுக்குத் தன் உடம்பை நக்கிக்கிட்டே இருந்துச்சு. நக்கிக்கிட்டே சுத்திச் சுத்தி நடந்துச்சு. நான் வெளிய உக்காந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருந்தேன். மத்தியானம் மூணு நாப்பதுக்கு நின்னுச்சு."

அதே தொழுவத்தில் இரண்டு நாள் தனியாகக் குழி தோண்டிப் புதைத்தாராம். காளை ஓடிப்போய்விட்டது என்று தம்பியிடம் சொன்னாராம். தம்பி மூன்று மாதம் தேடினாராம்.

"அந்த நிறத்துல அதைப் பார்த்தவன் உலகத்துல நான் ஒருத்தன்தான்மா."

அவர் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்கு ரொம்பப் பழக்கம். கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

"ஒன்பது வருஷமா தினம் மூணு நாப்பதுக்குத் தொழுவத்துல போய் உக்கார்றேன். மன்னிப்புக் கேக்கணும்னு. எங்கிட்ட ஒருநாளும் வரலை. உங்ககிட்ட வந்திருக்கு..." குரல் உடைந்தது. "உங்களைத் தேடி ஏம்மா வந்துச்சு? நீங்க என்ன பண்ணீங்க?"

"தெரியலைங்க" என்றேன்.

அவர் நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

படம் இப்போது ஆஸ்பத்திரியின் முன் ஹாலில் இருக்கிறது. கீழே சின்னவள் பெயர் மட்டும். என் பெயரையும் சேர்க்கலாம் என்று அவள்தான் சொன்னாள், நான் வேண்டாம் என்றேன். அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மயிலை என்றால் என்ன என்று. தெரிந்தே பொய் சொன்னேன் என்று. அவள் வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள். பிறகு, "அந்தக் கால்தான்க்கா படத்துலயே நல்லா வந்திருக்கு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு சின்ன எரிச்சல் இருந்தது. பதினோரு வருஷமாக நான் ஏங்கிய எரிச்சல் அது. கிடைத்தபோது சந்தோஷப்பட முடியவில்லை. அந்த எரிச்சலைத் தேடியும் அது வந்துவிடுமோ என்று அவளுக்காகப் பயமாக இருந்தது.

கறை மெல்ல மங்கிவிட்டது. அவள் இன்னமும் வடக்கு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து முனகிக்கொண்டே படம் போடுகிறாள். நானும் கதவுப் பக்கம் உட்கார்ந்து முழங்கால் மூட்டு வரைகிறேன். அந்த முனகல் கேட்டால் என் வயிறு இன்னமும் எரியத்தான் எரிகிறது. மறைக்க மாட்டேன்.

அதனால்தான், தினமும் மூன்றரை ஆனதும் பென்சிலை வைத்துவிட்டுக் கீழே இறங்கி, வாசலுக்குப் போய், ஆட்கள் நடமாடும் தெருவில் நின்றுகொள்கிறேன்.